சலரோகமும் விளையாட்டு மைதானமும்

(சங்கத்தின் நூற்றாண்டுக் கொண்டாட்டங்களையொட்டிக் கல்லூரி மண்டபத்தில், பழைய மாணவியும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியையுமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம் கேட்டது நீரிழிவைப் பற்றிப் பேசும்படி. இந்த மண்டபத்தில் குறைந்தது பதினைந்து வைத்தியர்களாவது இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு ஏன் என்னைப் பிடித்தீர்கள் என்று செயலாளரிடம் கேட்டேன். "அவை சொன்னால் ஆக்கள் பயப்பிடுவினம், நீங்கள் சொன்னால் சிரிப்பினம்" என்றார். எனக்கு இந்த வருத்தம் வந்து பதினொரு வருடம். அதற்கு முன் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு ஓட்டமும் வலைப்பந்தும் பழக்கினேன். இந்த இரண்டு தகுதியையும் வைத்துக்கொண்டுதான் இங்கே நிற்கிறேன். குளிசையின் அளவு, ஊசியின் அளவு பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

எனக்குச் சலரோகம் என்று அறிந்தபோது அயலிலுள்ள ஒருவர் கேட்டது இதுதான்: "என்ன ரீச்சர், உங்களுக்குமோ? நீங்கள் ஓடித்திரிஞ்ச ஆளெல்லோ!" அந்தக் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவு உடம்பு பெருத்தவர்களுக்கும் இருந்த இடத்தை விட்டு அசையாதவர்களுக்கும் மட்டும் வருவது, ஓடுகிறவர்களை அது தொடாது என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்க எனக்கு ஒரு மனிதர் தேவைப்பட்டார். அவர் எங்கள் ஊர்க்காரர் அல்ல. இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றங்கரையில் மாலோ என்ற சிறு நகரத்தவர். பெயர் ஸ்டீவ் ரெட்கிரேவ்.

1962இல் பிறந்தவர். எழுத்துகளை வாசிப்பதில் இடர்ப்பட்ட பிள்ளை. டிஸ்லெக்சியா என்கிறோமே, அதுதான். படிப்பில் முன்னுக்கு வராத அந்தப் பையனை அவனுடைய பாடசாலையின் ஆங்கில ஆசிரியர் ஒருவர் வள்ளத்தில் ஏற்றி விட்டார். ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பாட ஆசிரியர் ஒருவர் தன் பாடம் வராத பிள்ளையைப் பார்த்து "உனக்கு வேறொன்று வரும்" என்று எண்ணியிருக்கிறார். அந்தப் பையன் 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் துடுப்புவலிப்பில் தங்கம் வென்றான். 1988இல் சியோலில் தங்கம். 1992இல் பார்சலோனாவில் தங்கம். 1996இல் அட்லாண்டாவில் தங்கம். நாலாவது தங்கம் கிடைத்த கையோடு, களைத்துப்போன நிலையில், இனிமேல் என்னை ஒரு வள்ளத்துக்குப் பக்கத்தில் கண்டால் சுட்டுவிடலாம் என்ற கருத்தில் தொலைக்காட்சிக்காரருக்குச் சொன்னார். சில மாதங்களில் மனம் மாறிவிட்டது.

அப்படி மனம் மாறிச் சிட்னிக்குப் பயிற்சி தொடங்கியிருந்த காலத்தில்தான், 1997இல், 35 வயதில், அவருக்கு நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் வகை என்றார்கள். ஏற்கெனவே பெருங்குடல் அழற்சி வேறு அவருக்கு இருந்தது. உலகத்திலேயே உடல் வலுவுக்குப் பேர்போன மனிதர்களில் ஒருவர். ஒரு நாளில் பல தடவை பயிற்சி செய்கிறவர். மூன்று மனிதர் சாப்பாட்டை ஒருவராக உண்டு அத்தனையையும் எரித்துத் தீர்க்கிறவர். அவருக்கு வந்தது. எனக்கு வந்ததில் அயலவருக்கு என்ன ஆச்சரியம்?

இனி நடந்ததுதான் எங்களுக்கு முக்கியம். வருத்தம் தெரியவந்ததும், நீரிழிவுக்காரருக்கு வழக்கமாகக் கொடுக்கும் சீனி குறைத்த உணவுமுறையை அவரும் கைக்கொண்டு பார்த்தார். மற்றவர்களுக்கு நல்லதாக இருக்கும் அந்த முறை, நாள் முழுக்கத் துடுப்பு வலிப்பவருக்கு ஆகவில்லை. வலு விழுந்தது. விளையாட்டை விட்டுவிடு என்று சொல்லாத ஒரு வைத்தியர் அவருக்கு வாய்த்தார். நீ வைத்த இலக்கை அடையமுடியாது என்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை என்ற மாதிரியே அவர் சொல்லியிருக்கிறார். இருவருமாக யோசித்து முறையைத் தலைகீழாக மாற்றினார்கள். முன்பு உண்ட அளவையே உண்பது. அதற்கேற்ப இன்சுலினை ஒரு நாளில் பல தடவை சிறிது சிறிதாகப் போடுவது. ஒவ்வொரு தடவையும் விரல் நுனியில் குத்திப் பார்ப்பது. நீரிழிவுக்கு ஏற்றபடி நான் வாழப்போவதில்லை, அது என்னோடு சேர்ந்து வாழட்டும் என்று முடிவெடுத்ததாகப் பின்னாளில் அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவருடைய மனைவி ஆனும் ஒலிம்பிக்கில் துடுப்பு வலித்தவர், வைத்தியரும்கூட. வீட்டிலும் அறிவு இருந்தது என்பதை மறைக்கக்கூடாது.

2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 23. சிட்னிக்கு வெளியே பென்ரித் என்ற இடத்து நீர்நிலை. சுக்கான்காரர் இல்லாத நால்வர் வள்ளம். அவரோடு மத்தியூ பின்சன்ட், டிம் ஃபொஸ்டர், ஜேம்ஸ் கிராக்னெல். 2000 மீற்றர் தூரத்தை ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் கடந்தார்கள். கடைசியில் இத்தாலிய வள்ளம் நெருங்கி நெருங்கி வந்தது. 0.38 செக்கனால் வென்றார்கள். அவருக்கு அப்போது வயதும் 38. ஐந்து ஒலிம்பிக்கில் தொடர்ந்து ஐந்து தங்கம். ஐந்தாவது, நீரிழிவோடு.

இதில் இன்னொரு சிறு விஷயம் இருக்கிறது. இன்சுலின் உடம்பை வளர்க்கும் என்பதால் விளையாட்டு வீரர்கள் சும்மா போடக்கூடாத மருந்துகளின் பட்டியலில் அது இருக்கிறது. நீரிழிவு உள்ள வீரர் தனக்கு அது தேவை என்று மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். அதாவது, ரெட்கிரேவ் தன் வருத்தத்தை ஒளிக்க நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வைத்துத்தான் களத்தில் இறங்க வேண்டும். எங்கள் ஊரில் நடப்பது இதற்கு நேர்மாறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

வசீம் அக்ரமை எங்களில் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குத் தெரியும். அவருக்கும் 1997இல்தான், 30 வயதில், நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் பல வருடம் பந்து வீசி ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட்டைத் தாண்டினார். ஆனால் அவருக்கு இருப்பது முதலாம் வகை. அதில் உடம்பு இன்சுலினைச் சுரப்பதே அநேகமாக நின்றுவிடும். ஊசி இல்லாமல் வாழமுடியாது. இரண்டாம் வகையில் இன்சுலின் இருக்கும், ஆனால் உடம்பு அதன் சொல்லைக் கேளாது; காலம் போகப்போகச் சுரப்பும் குறையும். அதனால் இரண்டாம் வகைக்காரருக்கும் ஊசி தேவைப்படலாம். "ஊசி தொடங்கினால் கதை முடிஞ்சுது" என்று சொல்லுகிற மாமிமார் எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். ஊசி போட்டுக்கொண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற மனிதரை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

பெண்களில் ஒருவரைச் சொல்லாமல் போனால் இந்தச் சபை என்னை மன்னிக்காது. ரென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங். ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் என்று 39 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள். 1973இல் பொபி ரிக்ஸ் என்ற ஆணை ஹூஸ்டன் நகரில் தோற்கடித்து, பெண்களின் விளையாட்டு இரண்டாந்தரம் அல்ல என்று காட்டியவர். அவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வந்தது விளையாடிய காலத்தில் அல்ல, அறுபதைத் தாண்டிய பிறகு. அதை ஒளிக்காமல் ஊரறியச் சொன்னார். நடக்கவும் பயிற்சி செய்யவும் திரும்பத் தொடங்கினார். முழங்காலில் பல சத்திரசிகிச்சை செய்த கால்கள் அவருடையவை.

ரெட்கிரேவைவிட பில்லி ஜீன் கிங்தான் எங்களுக்குக் கிட்டடி உறவு என்பது என் எண்ணம். நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் ஓடியவர்கள். இல்ல விளையாட்டுப் போட்டியில் அஞ்சல் ஓட்டம் ஓடினோம், வலைப்பந்தில் மற்றக் கல்லூரிகளை மண்கவ்வ வைத்தோம், அந்தப் படங்கள் எல்லாம் இந்த மலரில் இருக்கின்றன. பிறகு? உயர்தரச் சோதனை எழுதிய அன்றோடு ஓட்டம் நின்றது. எங்கள் குடாநாட்டிலிருந்து போன தர்ஜினி சிவலிங்கம், 2018இல் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடினார். பாடசாலை முடிந்து வெகு காலத்துக்குப் பிறகும் ஒரு பெண் ஆடலாம் என்று அவரைப் பார்த்துத்தான் எங்களில் பலர் அறிந்தோம். மற்ற எல்லோரும் இருபது வயதில் சப்பாத்தைக் கழற்றினவர்கள். அந்தக் காலத்து ஓட்டம் வங்கியில் போட்ட பணம்போல வட்டியோடு இருக்கும் என்று நினைக்கிறோம். தசை அப்படிக் கணக்கு வைப்பதில்லை.

தசை என்ன செய்கிறது என்பதை எனக்குத் தெரிந்த மாதிரியில் சொல்கிறேன். வைத்தியர்கள் பொறுத்தருள வேண்டும். நாங்கள் சாப்பிட்ட புட்டும் இடியப்பமும் குளுக்கோசாகி இரத்தத்துக்கு வருகின்றன. அதில் பெரும்பங்கை வாங்கி வைக்கும் வீடு தசைதான். அந்த வீட்டுக்கு ஒரு படலை இருக்கிறது. இன்சுலின் வந்து தட்டினால் படலை திறக்கும். இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் தட்டுகிறது, தட்டுகிறது, உள்ளேயிருந்து ஒருவரும் எழும்பி வருவதில்லை. குளுக்கோஸ் ஒழுங்கையிலேயே நிற்கிறது. ஆனால் எங்கள் வளவுகளில் படலை மட்டுமா இருந்தது? வேலியில் பொட்டும் இருந்ததல்லவா? அம்மாமார் அரிசி கடன் வாங்கவும் கறி கொடுக்கவும் போய்வந்த அந்தப் பொட்டு. தசை வேலை செய்யும்போது இன்சுலின் தட்டாமலே இந்தப் பொட்டுத் திறக்கிறது. குளுக்கோஸ் குனிந்து உள்ளே போய்விடும். வேலை நின்ற பிறகும் ஒரு நாள், சிலவேளை இரண்டு நாள்வரை, படலையும் முன்னைவிட இலகுவாகத் திறக்கும். அதனால்தான் இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து சும்மா இருக்கவேண்டாம் என்கிறார்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது மூச்சு வாங்க நடக்கும் நடைக்கு உள்ள கணக்கு. அதோடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் பாரம் தூக்கும் பயிற்சியும் வேண்டும். தசை கூடினால் வீடு பெரிதாகும். இங்கே பாரம் என்றால் உடற்பயிற்சிக்கூடத்து இரும்புதான் என்றில்லை. கிணற்றில் அள்ளிய தலைமுறை நாங்கள். தண்ணீர் நிறைத்த போத்தல் இரண்டு போதும்.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். எரிபொருள் தடை. பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காது. அதிபர் முதல் ஆயா வரை சைக்கிள். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பின்கரியரில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு உழக்கி வந்த தாய்மாரை எனக்குத் தெரியும். பாண் வரிசை, மா வரிசை, நடை, உழக்கு. அந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்று புத்தியுள்ள எவளும் கேட்கமாட்டாள். ஆனால் உடம்பு அன்று செய்த வேலையை இன்று ஸ்கூட்டி செய்கிறது, சாப்பாடு மட்டும் அன்றைவிடக் கூடிவிட்டது. இலங்கையில் வளர்ந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்குக் குறையாமல் இன்று நீரிழிவு. எங்கள் தெற்காசிய உடம்புக்கு வெள்ளையரைவிடக் குறைந்த நிறையிலும் குறைந்த வயதிலும் அது வந்துவிடுகிறது. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது சீனி ஏறி, பிள்ளை பிறந்ததும் இறங்கியவர்கள் "அது போய்விட்டது" என்று இருந்துவிடாதீர்கள். பிற்காலத்தில் அது திரும்பி வரும் வாய்ப்பு உங்களுக்கு மற்றவர்களைவிட மிக அதிகம். வருடா வருடம் இரத்தம் சோதியுங்கள்.

பனங்கட்டியைப் பற்றி ஒரு சொல். "பனங்கட்டி சீனியில்லைத்தானே" என்று தேத்தண்ணியோடு முழுத் துண்டையும் கடிக்கிறவர்கள் இந்த முன்வரிசையிலேயே இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன். பனையில் எனக்கும் பற்றுத்தான். ஆனால் பனங்கட்டியில் மிகப்பெரும் பங்கு சீனிதான். ஊர்ப்பற்றால் அது மாறாது.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் மீற்றரைப் பார்த்துக் குழம்புகிறார்கள். இங்கே 70 என்பதை லண்டனிலும் ரொரன்ரோவிலும் மெல்பேணிலும் 4 என்பார்கள். அங்கத்தைய எண்ணை 18ஆல் பெருக்கினால் எங்கள் எண் வரும். 70க்குக் கீழே இறங்கினால் அது தாழ்சீனி. கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத கோபம். கோபத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், எங்கள் வீடுகளில் அதற்கு வேறு காரணமும் இருக்கும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகைக் குளிசை எடுக்கிறவர்களுக்கும்தான் இது வரும். மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு வருவது அரிது. வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியோ குளுக்கோசோ தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். கால் மணித்தியாலம் பொறுத்துத் திரும்பப் பார்க்க வேண்டும். சொக்லேற்றும் பிஸ்கற்றும் இதற்கு உதவா. அவற்றிலுள்ள கொழுப்பு சீனியைப் பிந்த வைக்கும். இதற்கு எதிரான ஒன்றும் உண்டு. நூறு மீற்றர் ஓட்டம் போன்ற கடும் போட்டியில், பதற்றத்தில் சுரக்கும் அதிரினலின் சீனியைக் கொஞ்ச நேரம் ஏற்றிக் காட்டும். பயிற்சியில் இறங்கிய சீனி போட்டியன்று ஏறுகிறதே என்று வீரர்கள் திகைப்பது இதனால்தான்.

காலைப் பற்றிச் சொல்லாவிட்டால் என்னை நானே மன்னிக்கமாட்டேன். நீண்டகால நீரிழிவு பாதத்தின் உணர்வை எடுத்துவிடும். நல்லூர்த் திருவிழா 25 நாள். சுடுமணலில் வெறுங்காலோடு நடக்கிறோம். குத்தியது தெரியாது, சுட்டது தெரியாது. கோயிலுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை, நானும் போகிறவள்தான். விடியப்புறம் போங்கள், வீடு வந்ததும் காலைக் கழுவி உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். ஓடுவதற்குச் சப்பாத்துப் போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

இனி நான் பிறகு வருகிறேன் என்றதற்கு வருகிறேன்.

நான் படிப்பித்த ஒரு பாடசாலையில், பெயர் வேண்டாம், பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நன்றாக ஓடுவாள். ஒரு தவணை விடுமுறைக்குப் பிறகு திடீரென்று விளையாட்டுக்கு வரவில்லை. காய்ச்சல், வயிற்றுவலி, தலையிடி என்று ஒவ்வொரு நாளும் ஒரு கடிதம். வேப்பமரத்தடியில் மற்றப் பிள்ளைகளின் பைகளைக் காத்துக்கொண்டு இருப்பாள். ஒரு நாள் தாயார் வந்தார். அந்தப் பிள்ளைக்கு நீரிழிவு. "ரீச்சர், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. நாளைக்கு அவளுக்கு ஒரு பேச்சுக்கால் வரேக்கை இது கதையாய் வந்து நிக்கும்" என்றார். கண்ணீர் விட்டார். அந்தத் தாயாரை நான் குறைசொல்லமாட்டேன். அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். கலியாணப் பேச்சில் இந்தக் கேள்விகளைக் கேட்கிற ஆட்கள் நாங்கள்தானே? வகுப்பில் ஊசி போட வெட்கப்பட்டு மலசலகூடத்துக்குள் போய்ப் போட்ட பிள்ளை அவள். தாழ்சீனி வந்து விழுந்தால் என்ன செய்வது என்று தெரிந்த ஒருவரும் அந்த மைதானத்தில் இல்லை, ஏனென்றால் ஒருவருக்கும் சொல்லவில்லை.

தாயாரும் நானும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். மூன்று பேருக்குச் சொல்வது: அதிபர், வகுப்பாசிரியை, அவளுடைய நெருங்கிய தோழி. என்னுடைய விசிலோடு ஒரு சிறு பையில் குளுக்கோஸ் பைக்கற். பிள்ளை ஓடத் தொடங்குமுன் மீற்றரில் பார்ப்பது. அடுத்த வருடம் அவள் 400 மீற்றர் ஓடினாள். மூன்றாமிடம். பெரிய கதையாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை, மூன்றாமிடம் மூன்றாமிடம்தான். மரத்தடியில் இருக்கவில்லை.

இதை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நூற்றாண்டு நிதியில் மைதானத்தைத் திருத்தவும் புதிய வலைப்பந்துத் திடல் போடவும் இந்தச் சங்கம் முடிவெடுத்திருக்கிறது. லண்டன், கனடா, அவுஸ்திரேலியாக் கிளைகள் மனமுவந்து பணம் அனுப்பியிருக்கின்றன. அந்தத் திட்டத்தில் சீமெந்துக்கும் கம்பிவலைக்கும் கணக்கு இருக்கிறது. விளையாட்டு அறையில் ஒரு மீற்றருக்கும் அதற்குரிய பட்டிகளுக்கும் கணக்கு இல்லை. குளுக்கோஸ் பெட்டிக்குக் கணக்கு இல்லை. வருடத்தில் ஒரு நாள் வைத்தியப் பழைய மாணவி ஒருவர் வந்து விளையாட்டுப் பொறுப்பாசிரியைகளுக்கும் மாணவத் தலைவியருக்கும் தாழ்சீனி வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க ஒழுங்கு இல்லை. ஊசி போடும் பிள்ளைக்குக் கதவு பூட்டக்கூடிய, கை கழுவக்கூடிய ஒரு சிறு இடம் இல்லை. இவற்றின் செலவு திடலின் ஒரு மூலைக்கு ஆகும் செலவுகூட வராது. பட்டிகளுக்குக் காலாவதித் திகதி உண்டு, ஆகவே ஒருமுறை வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்தால் போதாது. வருடா வருடம் வாங்க யாராவது ஒரு கிளை பொறுப்பெடுக்க வேண்டும். மெல்பேண் கிளைத் தலைவி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன்.

பொருளாளரிடம் இதை எழுத்திலும் கொடுத்திருக்கிறேன். அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்ப்பதாகச் சொன்னார். கூட்டத்துக்கு வரக்கூடியவர்கள் வந்து கை உயர்த்துங்கள்.

இப்போது தேநீர் இடைவேளை. சீனி போடாத தேத்தண்ணி இடப்பக்க மேசையில், நீலக் கேத்தலில் இருக்கிறது. நான் அங்கேதான் நிற்பேன். கேள்வி உள்ளவர்கள் வாருங்கள்.